பெஸ்ஸி கோல்மன் இறந்த ஜென்னி விமான விபத்து, 1926: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1926 ஏப்ரல் 30, வெள்ளிக்கிழமை காலை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரம். பாக்சன் ஃபீல்டு என்ற திடலிலிருந்து ஒரு பழைய பயிற்சி விமானம் கிளம்பியது. உள்ளே இரண்டு பேர்: விமானி பெஸ்ஸி கோல்மன், அவருடைய மெக்கானிக் வில்லியம் வில்ஸ். கால் மணி நேரத்துக்குள் இருவரும் இறந்துவிட்டார்கள். நூறு வருடங்கள் ஆகியும் இந்த விபத்தைப் பற்றி அரைகுறைத் தகவல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

பெஸ்ஸி கோல்மன் யார்?

விமானி உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அமெரிக்கப் பூர்வகுடி வழியில் வந்த பெண்களிலும் அவர்தான் முதல் விமானி. அவர் அப்பாவுக்குப் பூர்வகுடி இரத்தத் தொடர்பு உண்டு.

1892 ஜனவரி 26-ல் டெக்சஸ் மாநிலத்தில் அட்லாண்டா என்ற சிற்றூரில் பிறந்தார் (ஜார்ஜியாவில் இருக்கும் பெரிய அட்லாண்டா வேறு). பதின்மூன்று பிள்ளைகளில் பத்தாவது. வளர்ந்தது வாக்ஸஹாச்சி என்ற ஊரில். பருத்தி எடுக்கும் காலம் வந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும், குடும்பமே காட்டுக்குப் போகும். கணக்கில் கெட்டி என்பதால் எடுத்த பருத்திக்குக் கணக்கு வைப்பது பெஸ்ஸியின் வேலை. மேஸ்திரி அசந்த நேரம் பார்த்துத் தராசில் காலை வைத்து அழுத்தி, நாலு பவுண்டு கூட்டிக் காட்டிவிடுவார் என்று ஒரு கதை சொல்வார்கள். சின்ன வயதுப் பெஸ்ஸியைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பிறகு சிகாகோவுக்குப் போய் ஒரு முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளர்களுக்கு நகம் சீர்செய்யும் வேலை பார்த்தார். முதல் உலகப்போர் முடிந்து பிரான்ஸிலிருந்து திரும்பிய அண்ணன், 'அங்கே பெண்கள்கூட விமானம் ஓட்டுகிறார்கள், உன்னால் முடியுமா?' என்று சீண்டியிருக்கிறார். அந்தச் சீண்டல் மனதில் தைத்துவிட்டது.

அமெரிக்காவிலேயே கற்றுக்கொள்ளாமல் ஏன் பிரான்ஸுக்குப் போனார்?

அமெரிக்காவில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினத்தவர், அதிலும் பெண். கேட்ட இடத்திலெல்லாம் கதவு மூடியது. 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையை நடத்திய ராபர்ட் அபட், 'பிரெஞ்சு கற்றுக்கொண்டு பிரான்ஸுக்குப் போ' என்று யோசனை சொன்னார். பெஸ்ஸி பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார், பணம் சேர்த்தார், 1920 நவம்பரில் கப்பல் ஏறினார்.

வடக்கு பிரான்ஸில் லெ க்ரோத்துவா என்ற கடலோர ஊரில் கோத்ரோன் சகோதரர்களின் விமானப் பள்ளி இருந்தது. தங்கிய இடத்திலிருந்து பள்ளிக்கு தினமும் 9 மைல் நடந்தார். கூடப் படித்த மாணவர் ஒருவர் விபத்தில் இறந்ததைக் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகும் வகுப்பை விடவில்லை. 1921 ஜூன் 15-ல் பன்னாட்டு விமானக் கூட்டமைப்பின் உரிமம் அவர் கையில் இருந்தது.

ஜென்னி என்பது எப்படிப்பட்ட விமானம்?

கர்ட்டிஸ் நிறுவனம் தயாரித்த ஜே.என்.-4. அந்த எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்துத்தான் 'ஜென்னி' என்ற செல்லப்பெயர் வந்தது. முதல் உலகப்போரின்போது அமெரிக்க, கனடிய விமானிகளில் மிகப் பெரும்பாலோர் இதில்தான் பழகினார்கள். 6,000-க்கும் மேல் தயாரானது.

கிட்டே போய்ப் பார்த்தால் இது இவ்வளவுதானா என்று தோன்றும். மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டி வார்னிஷ் போன்ற பூச்சு தடவிய துணி, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று கூரையில்லாத இரண்டு இருக்கைக் குழிகள். ஆசிரியரும் மாணவரும் ஆளுக்கொன்றில் உட்காருவார்கள், இரண்டிலும் ஓட்டும் கருவிகள் இருக்கும். அதிகபட்ச வேகம் மணிக்கு 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர்.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விபத்தின் காரணம் அதை ஒட்டித்தான் வருகிறது. ஓ.எக்ஸ்.-5 என்று பெயர், எட்டு சிலிண்டர், 90 குதிரைத்திறன், தண்ணீரால் குளிர்வது. வால்வுகளைத் தட்டும் பாகங்கள் மூடியில்லாமல் வெளியிலேயே இருக்கும், அவற்றுக்கு அடிக்கடி கையால் கிரீஸ் போட வேண்டும். ஒரு சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக்தான், ஆகவே பற்றவைக்கும் அமைப்பில் சின்னக் கோளாறு வந்தாலும் ஈடுகட்ட இன்னொன்று கிடையாது. தண்ணீர் ஒழுகும். கையில் ஸ்பேனர் இல்லாமல் ஜென்னியோடு குடித்தனம் நடத்தவே முடியாது என்று சொல்லலாம்.

போர் முடிந்ததும் இராணுவம் உபரி ஜென்னிகளைக் கழித்துக்கட்டியது. பிற்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பர்க், 1923-ல் தன் முதல் விமானமாக வாங்கியதும் ஒரு ஜென்னிதான், விலை 500 டாலர். ஊர் ஊராகப் போய் வானில் வித்தை காட்டிப் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் இதுதான் வாகனம். பெஸ்ஸியும் அப்படித்தான் பிழைத்தார்.

அவ்வளவு புகழ்பெற்றவருக்கு ஏன் ஒரு பழைய விமானம்?

பணம் இல்லை. புகழ் இருந்தது, கூட்டம் கூடியது, கையில் காசு தங்கவில்லை. திரையரங்குகளிலும் தேவாலயங்களிலும் சொற்பொழிவு செய்தார், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஓர் அழகு நிலையம்கூட நடத்தினார். எல்லாம் ஒரே ஆசைக்காக: கறுப்பினத்தவருக்கு ஒரு விமானப் பள்ளி தொடங்க வேண்டும்.

டெக்சஸில் ஒரு பழைய ஜென்னிக்குத் தவணை முறையில் பணம் கட்டிவந்தார். கடைசித் தவணைக்கு எட்வின் பீமன் என்ற செல்வந்தர் உதவினார். ஜாக்சன்வில்லில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு விமானத்தை விற்கவோ வாடகைக்குத் தரவோ யாரும் தயாராக இல்லை. அதனால் அந்த ஜென்னியை டாலஸிலிருந்து வில்ஸ் ஓட்டிவர வேண்டியதாயிற்று. நேர்கோட்டில் அளந்தாலே 1,400 கிலோமீட்டருக்கு மேல். வழியில் மூன்று முறை இன்ஜின் தகராறு செய்து, கிடைத்த இடத்தில் இறக்க வேண்டிவந்தது.

என்னைக் கேட்டால் விபத்து அங்கேயே தொடங்கிவிட்டது. ஏப்ரல் 30 காலையில் நடந்ததை மட்டும் பார்த்தால் இயக்கு கருவிகளுக்குள் சிக்கிய ஒரு ஸ்பேனர்தான் தெரியும் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). மூன்று முறை வழியில் நின்றுபோன விமானத்தில், ஓட்டிவந்த மெக்கானிக்கே அதைப் பழுதுபார்த்து, அவரே மறுபடி ஓட்ட, இருவரும் மேலே போனார்கள். வேறொரு விமானம் கிடைத்திருந்தால் பெஸ்ஸி இதில் ஏறியிருக்கவே மாட்டார்.

அன்று காலை என்ன நடந்தது?

மறுநாள், மே 1-ம் தேதி, ஜாக்சன்வில்லின் கறுப்பின நலச் சங்கத்துக்காக வான் சாகச நிகழ்ச்சி. அதில் பெஸ்ஸி பாராசூட்டில் குதிப்பதாக ஏற்பாடு. குதிக்க ஏற்ற இடத்தை மேலிருந்து பார்த்துவைத்துக்கொள்ளத்தான் முந்தின நாள் காலையில் பறந்தார்கள்.

வில்ஸ் ஓட்டினார். பெஸ்ஸி மற்ற இருக்கையில். பத்து நிமிடம் போல எல்லாம் சரியாகவே இருந்தது. சுமார் 3,000 அடி உயரத்தில் விமானம் திடீரென மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்தது, பிறகு சுழன்று கவிழ்ந்தது. சீட் பெல்ட் போடாத பெஸ்ஸி வெளியே தூக்கியெறியப்பட்டார். தரையில் விழுந்ததும் உயிர் போய்விட்டது. வில்ஸ் கடைசிவரை விமானத்தோடு இருந்தார், அதை நிமிர்த்த முடியவில்லை. விமானம் தரையில் மோதியதில் அவரும் இறந்தார். அவருக்கு வயது 24.

அப்படியானால் பெஸ்ஸி ஓட்டவில்லையா?

இல்லை. 'விமானம் ஓட்டும்போது தவறு செய்து இறந்தார்' என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு.

சீட் பெல்ட் ஏன் போடவில்லை? அலட்சியமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் தொனி பல சமயம் எனக்கு வருத்தம் தரும். அவர் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. மறுநாள் குதிக்கப்போகும் தரையைப் பார்க்கப் போனார். ஜென்னியின் இருக்கைக் குழி ஆழமானது, கீழ் இறக்கை வேறு பார்வையை மறைக்கும். கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் உடம்பை எக்கி விளிம்புக்கு வெளியே தலையை நீட்ட வேண்டும். மரம் எங்கே, வேலி எங்கே, எது சமதரை என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெல்ட் மாட்டிக்கொண்டால் அது முடியாது.

ஆனால் பெல்ட் இருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டால், பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. உள்ளேயே இருந்த வில்ஸுக்கு என்ன ஆனது என்று பார்த்தோமே.

அந்தக் கால வானில் இப்படி விழுந்து இறந்தவர் இவர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் விமானி உரிமம் பெற்ற முதல் பெண் ஹேரியட் குவிம்பி, 1912 ஜூலை 1-ம் தேதி பாஸ்டன் அருகே, கூட வந்த வில்லியம் வில்லர்டோடு சேர்ந்து விமானத்திலிருந்து வெளியே விழுந்து இறந்தார். அவர்களும் பெல்ட் போட்டிருக்கவில்லை. பதினான்கு வருடம் கழித்து அதே மாதிரி ஒரு சாவு.

ஒரு ஸ்பேனர் எப்படி விமானத்தைக் கவிழ்க்கும்?

சிதைந்த விமானத்தைப் பார்த்தபோது, இன்ஜின் வேலைக்குப் பயன்படுத்தும் ஸ்பேனர் ஒன்று இயக்கு கருவிகளுக்குள் சிக்கியிருந்தது தெரிந்தது. இதுதான் விபத்தின் காரணமாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். அந்தக் கால விமானத்தில் ஹைட்ராலிக்கும் இல்லை, மின்சாரமும் இல்லை. விமானியின் கையில் ஒரு தடி, காலடியில் ஒரு கட்டை. தடியை இழுத்தால் ஒரு கம்பிவடம் இழுபட்டு, கப்பிகள் வழியாக வாலுக்குப் போய், வாலில் இருக்கும் பலகையை உயர்த்தும், மூக்கு மேலே எழும். முன்னே தள்ளினால் மூக்கு கீழே இறங்கும். கிணற்றில் கப்பிக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு குச்சி மாட்டிக்கொண்டால் வாளி எப்படி ஏறாமலும் இறங்காமலும் நின்றுவிடுமோ, அதே சங்கதிதான். இழுக்கிற கை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் பயனில்லை.

இப்போது உள்ளே எங்கோ ஒரு ஸ்பேனர் மறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நிற்கும்போது சும்மா கிடக்கும். இன்ஜின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். விமானம் சாய்ந்தால் சறுக்கும். பத்து நிமிடம் ஒன்றும் ஆகாமல் இருந்து, பதினோராவது நிமிடம் போய் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மூக்கு தாழ்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து மாட்டிவிட்டால், அப்புறம் விமானி எவ்வளவு இழுத்தாலும் தடி அசையாது.

இன்று விமானப் பணிமனைக்குப் போனால் சுவரிலோ பெட்டியிலோ ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே வரைந்த இடம் இருக்கும். வேலை முடிந்ததும் எண்ணுவார்கள். ஓர் உருவம் வெறுமையாக இருந்தால், அந்தக் கருவி கிடைக்கிறவரை விமானம் வெளியே போகாது. சின்ன ஸ்க்ரூடிரைவராக இருந்தாலும் சரி. 1926-ல் ஒரு தனிமனிதர் ஓட்டிய பழைய ஜென்னிக்கு அப்படி எண்ணிப் பார்க்கும் வழக்கமும் இல்லை, எண்ணச்சொல்லும் சட்டமும் இல்லை.

யாராவது வேண்டுமென்றே செய்த சதியா?

சந்தேகம் எழுவது இயல்புதான். இனவெறி உச்சத்தில் இருந்த மாநிலம், புகழ்பெற்ற கறுப்பினப் பெண். ஆனால் சதி என்று காட்டும் சான்று எதுவும் வெளிவந்ததில்லை. வேலை பார்த்த வில்ஸும் அதே விமானத்தில்தான் இறந்தார் என்பதை மறக்கக் கூடாது.

விமானம் வானத்திலேயே தீப்பிடித்ததா?

இல்லை. தரையில் மோதிய பிறகுதான் எரிந்தது. உதவிக்கு ஓடிவந்தவர்களில் ஒருவர் பதற்றத்தில் சிகரெட் பற்றவைக்க, சிந்திக்கிடந்த பெட்ரோலில் தீப்பிடித்தது என்று அன்றைய விவரங்கள் சொல்கின்றன.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்?

2,000 அடி என்று பல இடங்களில் இருக்கும், 500 அடி என்று சில இடங்களில் இருக்கும். கீழே இருந்து கண்ணால் பார்த்தவர்களின் மதிப்பீடு என்பதால் இந்த வித்தியாசம்.

இதற்கு முன்பும் அவருக்கு விபத்து நடந்ததா?

நடந்தது. அதுவும் ஜென்னியில்தான், ஆனால் அது வேறு விமானம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1923 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் சாந்தா மோனிகாவிலிருந்து கிளம்பினார். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். 300 அடி உயரத்தில் இன்ஜின் நின்றது, விமானம் அப்படியே விழுந்தது. கால் முறிந்தது, விலா எலும்புகளும் முறிந்தன. 'எப்படியாவது கட்டுப்போட்டு அனுப்புங்கள், கூட்டம் காத்திருக்கிறது' என்று மருத்துவரிடம் கெஞ்சினார் என்கிறார்கள். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். நடக்க முடிந்தவுடன் மறுபடி பறப்பேன் என்று அங்கிருந்தே நண்பர்களுக்குத் தந்தி அடித்தார். காசு கொடுத்து வாங்கிய முதல் சொந்த விமானம் அன்றோடு போயிற்று. அடுத்ததைச் சம்பாதிக்க மூன்று வருடம் ஆனது.

பத்திரிகைகள் எப்படி எழுதின?

கறுப்பினப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் கண்ணீரோடு எழுதின. வெள்ளையர் பத்திரிகைகள் பலவற்றில் வில்ஸ்தான் முன்னே நின்றார். அவர் பெஸ்ஸிக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்றுகூட எழுதினார்கள். ஐந்து வருடத்துக்கு முன்பே பன்னாட்டு உரிமம் வாங்கியவரை மாணவி ஆக்கினார்கள். படிக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

மக்கள் அப்படி நினைக்கவில்லை. ஜாக்சன்வில், ஆர்லாண்டோ, பிறகு சிகாகோ என்று மூன்று ஊர்களில் அஞ்சலி நடந்தது. சிகாகோவில் சுமார் 10,000 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தை நடத்தியவர், கும்பல் கொலைகளுக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் போராடிய ஐடா பி. வெல்ஸ்.

விபத்துக்குப் பிறகு சட்டம் மாறியதா?

மாறியது, ஆனால் இந்த விபத்தால் மாறவில்லை. 1926 மே 20-ல், பெஸ்ஸி இறந்து சரியாக இருபது நாள் கழித்து, குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் வான் வணிகச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை அமெரிக்காவில் விமானம் ஓட்டவோ பழுதுபார்க்கவோ நடுவண் அரசின் உரிமம் தேவையில்லை. விமானம் பறக்கத் தகுதியானதா என்று பார்க்க அரசு அதிகாரி யாரும் கிடையாது. இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் விமானிக்கு உரிமம், மெக்கானிக்குக்கு உரிமம், விமானத்துக்குத் தகுதிச் சான்று, விபத்து நடந்தால் விசாரணை எல்லாம் வந்தன. புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பழைய ஜென்னிகள் சில வருடங்களில் வானிலிருந்து மறைந்தன.

அவர் கனவு கண்ட பள்ளி?

அவர் கையால் தொடங்க முடியவில்லை. 1929-ல் வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் பெஸ்ஸி கோல்மன் பெயரிலேயே ஒரு விமானச் சங்கம் தொடங்கிக் கறுப்பினத்தவருக்குப் பயிற்சி தந்தார். சிகாகோவில் கார்னீலியஸ் காஃபியும் வில்லா பிரவுனும் நடத்திய பள்ளியில் நூற்றுக்கணக்கானோர் பழகினார்கள். அவர்களில் சிலர் இரண்டாம் உலகப்போரில், அமெரிக்க இராணுவத்தின் முதல் கறுப்பின விமானிகளான டஸ்கீகி விமானிகளாகப் பறந்தார்கள்.

1931 முதல் சிகாகோவின் கறுப்பின விமானிகள் லிங்கன் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே பறந்து அவர் சமாதியில் பூ போடும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். 1992-ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், பெஸ்ஸியின் படத்தைக் கூடவே எடுத்துப் போனார். 1995-ல் தபால்தலை, 2023-ல் கால் டாலர் நாணயம்.

இறக்கும்போது வயது 30-ஆ, 34-ஆ?

34. உரிமத்தில் பிறந்த வருடம் 1896 என்று இருப்பதால் வந்த குழப்பம். வயதைக் குறைத்துச் சொல்வது அவர் வழக்கம். கூட்டத்தைக் கூட்டிச் சம்பாதிக்க வேண்டிய தொழிலில், ஒரு பெண் அப்படிச் சொல்ல நேர்ந்ததைக் குற்றமாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

பாக்சன் ஃபீல்டு இப்போது இருக்கிறதா?

திடல் இல்லை. அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, பெயர் பாக்சன் பள்ளி. அங்கே பெஸ்ஸியின் பெயரோடு ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள்.